துண்டுக்குள் சொன்ன விலை

ஜூலை 9, செவ்வாய்

தீவனக் கம்பெனிக்காரன் வருசா வருசம் ஒரு டைரி கொடுப்பான். இதுவரை அதனால் பலன் அடைந்தது எங்கள் வீட்டு எருமைதான். தாளைக் கிழித்து அதற்கு மருந்து மடிப்போம். இன்றைக்கு முதல் நான் எழுதப் போகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் பேனாவைப் பிடித்தால் கஷ்டம் பேனாவுக்குத்தான்.

எழுதச் சொன்னது ரெஜினா மேடம். என் மகள் ரூபிகா படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒரு நாள் வருகிற கவுன்சிலிங் மேடம். ரூபிகா பிளஸ் ஒன். எங்களுக்கு ஒரே பிள்ளை. கொஞ்ச காலமாகப் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. போகிற நாளிலும் பாடம் நடக்கும்போது எழுந்து போய்ப் பாத்ரூமில் நின்றுகொள்கிறாளாம். அதனால் பெற்றவர்களை வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தை. மாட்டுத் தரகனைச் சந்தை நாளில் வேறு இடத்துக்குக் கூப்பிடுவது, மாப்பிள்ளையை முகூர்த்த நேரத்தில் ரேஷன் கடைக்கு அனுப்புவது மாதிரி. இருந்தாலும் போனேன்.

மேடம் எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உங்கள் பெண்ணோட கஷ்டத்துக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் மாட்டுக்கே பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேனே என்றேன். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், ரெண்டு என்றேன். போனுக்கு ஒன்று, கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒன்று.

வீட்டுக்காரி வசந்தாமணி ஆறு போட்டிருக்கிறாள். எதிர்த்துப் பேசுவது, தலைக்கு எண்ணெய் வைக்காதது, ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் வெளியே வராதது, எழுப்பினால் எழாதது, தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போவது, போன். எனக்கென்னவோ இதில் பாதி என் மேல் சொல்ல வேண்டியதை மகள் மேல் சொல்லிவிட்டாளோ என்று இருந்தது. ரூபிகா தனக்கு எவ்வளவு போட்டாள் என்பதை மேடம் சொல்லவில்லை. "மூணு பேரும் மூணு வீட்ல இருந்து வந்த மாதிரி பேசறீங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு காரியம் சொல்லி அனுப்பினார். ஒன்று, தினமும் பிள்ளையைப் பார்த்ததை எழுத வேண்டும். குற்றம் எழுதக் கூடாது, பார்த்ததை மட்டும். வசந்தாமணி, எனக்கு நேரமில்லீங் என்று கையைத் தட்டிவிட்டாள். இரண்டாவது, பெரியாஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார், தள்ளிப் போடாமல் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார்.

 வசந்தாமணி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றின கையோடு சொன்னாள்.

"அந்த ஆஸ்பத்திரிப் படிய மிதிச்சா நாளைக்கு எவனுங் நம்மூட்டுக்குப் பொண்ணு கேட்டு வருவான்? பேரு ஒட்டிக்கிட்டா போகுமா?"

ரெண்டு மார்க் சீக்குக்கு எதற்கு டாக்டர் என்று நானும் ஒத்துப் பாடினேன். ரூபிகா உள்ளே இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

ஜூலை 10, புதன்

பார்த்தது: தோசை ஒன்றரை. பள்ளிக்கூடம் போனாள். வந்தாள். கதவு.

ஜூலை 11, வியாழன்

சந்தை. இரண்டு சோடி கைமாறியது. சாயங்காலம் பால் சொசைட்டியில், மக எங்கீங் காணோம் என்று கேட்டார்கள். அம்மிணி தபசில் உட்கார்ந்திருக்கிறாள், வரம் கிடைத்ததும் வெளியே வருவாள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் தூக்குப் போசியோடு ரூபிகா நிற்கிறாள். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பாலை ஊற்றாமலே போசியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேறு வேலை ஞாபகம் வந்திருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

வசந்தாமணி போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் தாலிக் கயிற்றில். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ரூபிகா சண்டை போடுவாள் என்று நான் வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தேன். சண்டையே இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

சண்டை போட்டிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

உடுமலைச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். ரூபிகா தானாக வெளியே வந்து எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். தலையில் எண்ணெய். வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. போனைப் பூட்டின மூணாம் நாளே பாருங்க என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நானும் சும்மா இருப்பேனா, சாமியாரம்மா மலையிலிருந்து இறங்கி வந்திருக்காங்க, எல்லாரும் தரிசனம் பண்ணிக்குங்க என்றேன். சித்தப்பாவுக்குக் காப்பி புரையேறிவிட்டது.

டம்ளரை நீட்டும்போது அவள் கை ஆடியதில் என் வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. டம்ளர் நிறைய ஊற்றினால் அப்படித்தான் ஆகும்.

அவர்கள் போன பிறகு சோற்றுத் தட்டு அப்படியே இருந்தது. எருமைக்கு வைத்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து மதியமே வந்துவிட்டாள். தமிழ் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னாராம். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று வசந்தாமணி கேட்டாள். இல்லை. பையன் எவனாவது? இல்லை. பின்னே என்னதான்டி உனக்கு? ஒண்ணுமில்லை. இந்த மூன்று கேள்வியும் இந்த மூன்று பதிலும் எங்கள் வீட்டில் இப்போது தினசரி நியூஸ் மாதிரி. போன் பீரோவில்தான் இருக்கிறது. அதன் மேல் பழி போடவும் வழியில்லை.

கண் பட்டிருக்கும் என்று வசந்தாமணி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். இருமியது நான் ஒருவன்தான்.

ஜூலை 18, வியாழன்

வசந்தாமணி தன் அம்மாவின் கண் ஆப்பரேசனுக்கு உடுமலை போக வேண்டியிருந்தது. ரூபிகா பள்ளிக்கூடம் போகவில்லை. தனியாக விடாதீர்கள் என்று மேடம் சொன்னது ஞாபகம் இருந்ததால், வா அம்மிணி, சந்தைக்குப் போலாம், உன்னை விற்றுவிட்டு ரெண்டு கன்னு பிடித்து வரலாம் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைப் போட்டாள்.

சின்ன வயசில் என் தோளில் உட்கார்ந்து சந்தை பார்த்தவள்தான். இப்போது வேப்பமரத்தடியில் என் கூட்டாளி ராசுவின் டெம்போ படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பாலக்காட்டுக்காரருக்கும் கிணத்துக்கடவுக்காரருக்கும் நடுவில் ஒரு சோடி எருது பேசிக்கொண்டிருந்தேன். துண்டைப் போட்டு, அதற்குள் இவர் விரலைப் பிடித்து, அப்புறம் அவர் விரலைப் பிடித்து. வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசும். உள்ளே விரல் விலை பேசும். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டு வந்தேன்.

எதற்குப்பா துண்டுக்குள்ளே என்று கேட்டாள். அவளாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் சொன்னேன்: விற்கிறவனுக்கு என்ன பணமுடையோ, வாங்குகிறவனுக்கு என்ன ஆசையோ, அது சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது. வாயில் சொன்னால் நாலு பேர் சிரிப்பான், நாலு பேர் அய்யோ பாவம் என்பான். விரலில் சொன்னால் சொன்னவனுக்கும் பிடித்தவனுக்கும் மட்டும்தான். முடிந்த பிறகும் துண்டுக்குள் சொன்னதை வெளியே சொல்கிற தரகன் கையை மறுபடி எவனும் பிடிக்க மாட்டான். கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் அஞ்சு, அதற்கு மேலே என்றால் விட்டுப் பிடிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது டெம்போவில் ராசு ஓட்ட, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில். கோவில்பாளையம் தாண்டியதும் என் தோளிலிருந்த துண்டு மெதுவாக நகர்ந்தது. அதை எடுத்து என் கையின் மேல் போட்டாள். அவள் கை உள்ளே வந்தது. மொத்தக் கையையும் பிடித்தாள். விட்டாள். மூன்று விரலைப் பிடித்தாள்.

எட்டு.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேடம் சொல்லாமல் விட்ட எண்.

இருபத்தைந்து வருசமாக இதே கை, இதே துண்டு. எட்டு என்று கேட்டால் இந்தக் கை என்ன செய்யும்? அது பாட்டுக்குத் திருப்பி அவள் கையை மொத்தமாக ஒரு தடவை பிடித்து நிறுத்தியது. அஞ்சுக்கு முடிச்சுக்கலாம். போதாததற்கு வாயும் சும்மா இருக்கவில்லை, "எட்டெல்லாம் சாஸ்தியம்மிணி" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். துண்டை மடித்து என் மடியில் வைத்தாள். வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம்.

ஜூலை 20, சனி

பார்த்தது: கதவு.

ஜூலை 21, ஞாயிறு

பரோட்டா வாங்கி வந்தேன். அவளுக்குப் பிடித்த கடை. எனக்கு வேண்டாம்ப்பா என்றாள். நான் மூன்று, வசந்தாமணி இரண்டு. மீதி இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

சந்தையில் கோட்டூர்க்காரர் ஒருவர் செவலைப் பசு கொண்டுவந்திருந்தார். இரண்டாம் ஈத்து, உடம்பில் கெட்ட சுழி ஒன்றும் இல்லை. விலையைப் பிடித்தார். நான் வழக்கம்போலக் குறைத்துப் பிடித்தேன். மறுபடி முதலில் பிடித்ததையே பிடித்தார். நான் மறுபடி குறைத்தேன். மூன்றாம் தடவையும் அதையே பிடித்துவிட்டு, துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமல் வாயைத் திறந்து சொன்னார்: "நான் ஏத்திச் சொல்லலீங் கிட்டுச்சாமி. உள்ளது இதானுங்."

எங்கள் தொழிலில் கேட்கிற விலையில் பாதி காற்று. எல்லாரும் காற்றடித்துத்தான் கொண்டுவருவான், அதைப் பிடுங்கிவிடுவதுதான் தரகனுக்கு வேலை. ஆனால் சில சமயம் காற்றே இல்லாமல் ஒருத்தன் வருவான். அவனிடம் குறைத்துக் கேட்டால் அவன் எதைக் கொடுப்பான்? தன் சதையைத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பசுவை அவர் சொன்னதற்கே முடித்துக் கொடுத்தேன். பாலக்காட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது ரூபிகா எருமைக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தேன். அன்றைக்கு எட்டு என்றாயே, அதில் காற்று இருந்ததா என்று கேட்டேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே பேசினாள். பேசினதை அப்படியே எழுதுகிறேன். மேடம் படித்தால் படிக்கட்டும்.

"கொறச்சுத்தான் சொன்னேனுங்ப்பா."

வெட்டின தட்டை நான் ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.

"அன்னைக்கு ஸ்கூல்ல ஜன்னல் தொறந்திருந்துச்சு. நீங்க சிரிச்சுக்கிட்டே ரெண்டுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

அம்மா ஆறு சொன்னாளே என்றேன்.

"அது அம்மாவோட ஆறுங்ப்பா. என்னுது இல்ல. தலைக்கு எண்ணெ வெக்காததும் கதவு சாத்தறதும் அம்மாளுக்குக் கஷ்டம். எனக்கு அதெல்லாம் கஷ்டமே இல்ல. நான் போனப் பாக்கறது, பாக்கறப்ப மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்குதுன்னு."

என்ன அடங்கியிருக்கிறது என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைக் காட்டினாள். காலையில் கண் திறக்கும்போதே அங்கே யாரோ ஏறி நிற்கிற மாதிரி இருக்குமாம். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் மூச்சு உள்ளே போகாதாம். பாத்ரூமில் போய் நிற்பது மூச்சு வாங்கத்தான்.

எப்ப இருந்து, யாரு என்ன பண்ணினாங்க என்று நானும் அதே பழைய கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமே நடக்கலீங்ப்பா. ஏதாச்சும் நடந்திருந்தா இதனாலன்னு சொல்லீருவேன். நடக்காமயே இப்படி இருக்குது. அதான் பயமா இருக்குது."

தட்டை அள்ளிப் போட்டாள். எருமை பாட்டுக்குத் தின்றது. நான் கிண்டல் பண்ணுவது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். இதைக் கேட்பதற்குள் இரண்டு தடவை இருமினேன். தட்டுத் தூசி.

"மத்தவங்களப் பண்றப்ப எனக்கும் சிரிப்புத்தான். என்னப் பண்றப்ப, நான் சிரிச்சா, பாரு சரியாயிருச்சுன்னு நெனச்சுக்கறீங்க. அதனால சிரிக்கவே பயமா இருக்குதுங்ப்பா."

தோளிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன். அவள் யோசித்தாள். பிறகு கையைக் கொடுத்தாள். பிடித்தாள். என் கை திருப்பிப் பிடிக்கப் பார்த்தது, நான் விடவில்லை. சொன்ன விலைக்கு அப்படியே தலையை ஆட்டினேன். சந்தையில் அப்படி ஆட்டினால் தரகனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

டைரியில் எண்ணை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். அப்படியானால் எட்டு என்று மேலே எழுதியது? அது போன வாரத்து விலை.

ஜூலை 24, புதன்

துண்டு போட்டோம். நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடம் போனாள்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று எழுத மறந்தேன். நேற்றும் இன்றும் ஒரே விலை. பால் சொசைட்டியில், சாமியாரம்மா தபசு எப்படிப் போகுது என்று ஒருத்தர் கேட்டார். என் சரக்கையே என்னிடம் விற்கிறார். மாட்டைப் பற்றிப் பேசலாமுங் என்றேன். கிட்டுச்சாமிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

ஜூலை 29, திங்கள்

அதிகம்.

ஜூலை 30, செவ்வாய்

அதிகம். சந்தைக்குப் போய்ச் சீக்கிரம் வந்துவிட்டேன். வியாபாரம் மந்தம் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். ராசு நாலு சோடி முடித்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று சந்தைக்குப் போகவில்லை.

காலையில் துண்டு போட்டபோது ரூபிகா எண்ணைச் சொல்லிவிட்டுக் கையை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள். "இன்னைக்குப் போகாதீங்ப்பா" என்றாள். போகவில்லை. வண்டி டயரில் காற்று இல்லை என்று ராசுவுக்குப் போன் பண்ணினேன்.

அவள் படுத்திருந்தாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கயிறு திரித்தேன்.  வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்னை மாதிரி ஆளுக்கு இரண்டு சோடி எருதை ஏரில் பூட்டுகிற வேலை. மதியம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திரித்ததை அவள் இன்னொரு நுனியில் பிடித்துக்கொண்டாள். ரசம் சோறு கொஞ்சம் சாப்பிட்டாள்.

வீட்டில் சில சில்லறை வேலைகளும் பார்த்தேன். அவள் அறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, கழற்றிவிட்டேன். கதவை வெறுமனே சாத்திக்கொள், தட்டாமல் யாரும் வர மாட்டோம் என்று சொன்னேன், தலையை ஆட்டினாள். தென்னைக்கு வாங்கிய பூச்சி மருந்து டப்பா கொட்டகையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை ராசு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். எதற்கு இப்போ இங்கே அனுப்புகிறாய் என்று ராசு கேட்கவில்லை. நல்ல ஆள்.

ரெஜினா மேடத்துக்குப் போன் பண்ணி, நான் போட்ட ரெண்டை அழித்துவிடுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை அந்த டாக்டர் இருப்பார், நானே பேசி வைக்கிறேன் என்றார். அதுவரைக்கும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்கள், ரொம்ப முடியவில்லை என்றால் செவ்வாய் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிடுங்கள் என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வசந்தாமணியிடம் சொன்னேன். எண்ணைச் சொல்லவில்லை, அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு, மூச்சு, துண்டு, டாக்டர், செவ்வாய்க்கிழமை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் கோபம். ஊரில் எந்தப் பிள்ளைக்கு இல்லாதது இவளுக்கு வந்துவிட்டது, நாங்கள் எல்லாம் பதினாறு வயசில் பருத்தி எடுக்கப் போனோம், எங்கள் நெஞ்சில் யார் ஏறி நின்றார்கள் என்றாள். பிறகு உரிக்கிறதை நிறுத்திவிட்டாள்.

"எங்கிட்ட ஏனுங் சொல்லல? நான்தானே பெத்தேன். தெனமும் கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்."

கேட்டாய், சரி. நானும்தான் கேட்டேன், சிரித்துக்கொண்டே. நீ பதில் சொல்லச் சொல்லிக் கேட்டாய், நான் பதில் சொல்லாமல் இருக்கும்படி கேட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. போன் மறுபடி ரூபிகாவின் அலமாரியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. சாமி கும்பிட்டு முடிந்ததும் வசந்தாமணி என் முன்னால் வந்து நின்று, துண்டைக் கொடுங் என்றாள். எதற்கு என்றேன். உங்களுக்குத் தெரியாதாக்கும் என்றாள். வாங்கிக்கொண்டு ரூபிகா அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாள். அவள் தட்டி நான் பார்த்ததேயில்லை.

இரண்டு பேரும் ரொம்ப நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது வசந்தாமணி துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்டேன். தரகன் புத்தி.

"துண்டுக்குள்ள சொன்னத வெளிய சொல்லலாமுங்ளா?" என்றாள். பிறகு, செவ்வாய்க்கிழமை எந்த பஸ்ஸுக்குப் போகிறோம் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. சந்தை நாளில் பொள்ளாச்சிக்குப் போய்ச் சந்தைக்குப் போகாமல் வந்தது என் சரித்திரத்திலேயே முதல் தடவை.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, வசந்தாமணி எதற்குப் பயந்தாளோ அது நேராக நடந்து வந்தது. எங்கள் ஊர் பால் சொசைட்டிக்காரர் சம்சாரம். பிரசர் மாத்திரைக்கு வந்திருக்கிறார். நீங்க இங்க என்னுங் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இரண்டு மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன், எல்லாம் நல்ல பொய். வசந்தாமணி முந்திக்கொண்டாள்.

"புள்ளைக்கு மனசு சொகமில்லீங்க்கா. காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்."

அந்த அம்மா ரூபிகாவைப் பார்த்தார். சீக்கிரம் நல்லாயிரும் கண்ணு என்று சொல்லிவிட்டு மாத்திரை வரிசையைப் பார்த்துப் போய்விட்டார். அவ்வளவுதான். வசந்தாமணியின் கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். முதலில் ரூபிகாவைத் தனியாகக் கூப்பிட்டு நிறைய நேரம் பேசினார். பிறகு எங்களையும் கூப்பிட்டார். இது சீக்குத்தான், பிள்ளை வேண்டுமென்று பண்ணுகிறது இல்லை, இவளை மாதிரி நிறையப் பேர் வருகிறார்கள், நல்லாகிவிடும், ஆனால் ஒரே நாளில் ஆகாது என்றார். வாரா வாரம் வந்து பேச வேண்டுமாம், கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் உண்டாம். உங்கள் கணக்கில் பத்துக்கு எவ்வளவு என்று அவரும் என்னைக் கேட்டார். இந்தக் கேள்வியை எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல.

அவகிட்டயே கேளுங் டாக்டர், நான் தரகன், சரக்கு என்னுது இல்லீங் என்றேன். ரூபிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. அசைந்தது, அவ்வளவுதான். பார்த்ததை எழுதுகிறேன்.

வசந்தாமணி மாத்திரை வாங்க ஜன்னலுக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில். ரூபிகா என் தோளிலிருந்து துண்டை எடுத்து மடியில் போட்டாள். நான் கையைக் கொடுத்துவிட்டு அவள் பிடிப்பதற்காகக் காத்திருந்தேன். அவள் எந்த விரலையும் பிடிக்கவில்லை. தன் கையை என் கைக்குள் விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

என்னம்மிணி, விலை சொல்லு என்றேன்.

"உங்களுது சொல்லுங்ப்பா."

தரகனுக்கு ஏது விலை? இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்கிறவன். இத்தனை வருசத்தில் துண்டுக்குள் என் விலையை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எனக்கென்ன, நான் எருமை மாதிரி, மழையும் வெயிலும் ஒன்று என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. அந்த வியாழக்கிழமை நான் கதவுக்கு வெளியே காத்திருந்த மாதிரியே காத்திருந்தாள்.

பிடித்தேன். விட்டேன். மறுபடி பிடித்தேன்.

எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

அவள் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டாள். குறைத்துக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வசந்தாமணி மாத்திரைக் கவரோடு வந்தாள். துண்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், பெஞ்சில் எங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தாள். பஸ் வர நேரம் இருந்தது.